கொரிய பதுக் லீக்: தனியாள் ஆட்டம் அணி ஆட்டமாகும் விதம்

கோ ஆட்டத்தில் இரண்டு பேர் எதிரெதிரே உட்காருகிறார்கள். நடுவில் மரப்பலகை, பக்கத்தில் இரண்டு கிண்ணங்கள், ஒன்றில் கறுப்புக் காய், இன்னொன்றில் வெள்ளைக் காய். உட்கார்ந்த பிறகு உதவிக்கு யாரும் வர முடியாது. பந்தைத் தள்ளிவிடக் கூட்டாளி கிடையாது, களைத்துப் போனால் மாற்று ஆள் கிடையாது, ஓரத்தில் நின்று கத்தும் பயிற்சியாளரும் கிடையாது. இப்படி ஒரு ஆட்டத்தை வைத்துக்கொண்டு தென் கொரியா 2004 முதல் அணி லீக் நடத்தி வருகிறது என்று முதன்முதலில் கேள்விப்பட்டபோது எனக்கு அது விளங்கவில்லை. தனித்தனியாக ஆடுகிறார்கள், கடைசியில் யாருக்கு எத்தனை வெற்றி என்று கூட்டிப் பார்க்கிறார்கள், இதில் அணி எங்கே இருக்கிறது?

ஒரு பருவத்தைத் தொடர்ந்து பார்த்த பிறகுதான் பதில் கிடைத்தது. அணி இருப்பது ஆட்டத்துக்கு முன்னாலும் பின்னாலும். யாரை யாருக்கு எதிரே உட்கார வைப்பது என்பதிலும், எழுந்து வந்த பிறகு எல்லோரும் கூடிப் பேசுவதிலும்தான் இந்த லீகின் உயிர் இருக்கிறது. பலகையில் நடப்பது ஒன்றுமே புரியாதவர்கள்கூட இதைப் பின்தொடரலாம், ரசிக்கலாம். அதற்கு வேண்டிய அடிப்படைகளை மட்டும் இங்கே சொல்கிறேன்.

பெயரிலிருந்து ஆரம்பிக்கலாம். ‘கோ’ என்பது ஜப்பான் வழியாக உலகத்துக்குப் போன பெயர். சீனாவில் இதே ஆட்டம் ‘வெய்ச்சி’. கொரியாவில் ‘பதுக்’. ஆகவே கொரிய பதுக் லீக் என்றால் கொரியாவின் கோ லீக்.

ஆட்டத்தின் விதிகளைப் பத்து நிமிடத்தில் சொல்லிக் கொடுத்துவிடலாம். நெடுக்கே 19 கோடு, குறுக்கே 19 கோடு, அவை வெட்டிக்கொள்ளும் புள்ளிகள் 361. கறுப்பு முதலில் ஒரு காய் வைக்கிறது, அப்புறம் வெள்ளை, இப்படி மாறி மாறி. செஸ் மாதிரி காயை நகர்த்துவதெல்லாம் இல்லை. வைத்த காய் வைத்த இடத்தில்தான் இருக்கும். எதிரியின் காய்களை மூச்சு விட இடமில்லாமல் நாலு பக்கமும் அடைத்துவிட்டால் அவற்றைப் பலகையிலிருந்து எடுத்துவிடலாம். முடிவில் யார் வளைத்துக் கட்டிய நிலம் அதிகமோ அவருக்கு வெற்றி. முதலில் வைக்கும் கறுப்புக்கு அனுகூலம் உண்டு என்பதால் வெள்ளைக்கு 6.5 புள்ளியை இனாமாகக் கொடுக்கிறார்கள். அந்த அரைப் புள்ளி எதற்கு? இருவரும் சமமாக வந்துவிடக் கூடாது என்பதற்காக.

லீகைப் புரிந்துகொள்ள இதில் ஒரு விஷயம் முக்கியம். அரைப் புள்ளியில் ஜெயித்தாலும் ஐம்பது புள்ளியில் ஜெயித்தாலும் அணிக்குக் கிடைப்பது ஒரு வெற்றிதான். கிரிக்கெட்டில் ரன் விகிதத்தைக் கூட்டிக்கொள்வது போல இங்கே எதையும் சேமித்து வைக்க முடியாது. அதனால் ஒரு மேதையை வைத்துக்கொண்டு மட்டும் ஒரு அணி கரையேற முடியாது. அவர் எவ்வளவு பிரமாதமாக ஆடினாலும் ஒரு பலகைக்கு ஒரு வெற்றிக்கு மேல் கிடைக்காது.

உப்பு, ஜின்செங், துத்தநாகம்

அணிகளின் பெயர்கள் புதிதாகப் பார்ப்பவர்களைக் குழப்பும். பெரும்பாலும் நிறுவனங்களின் பெயர்கள், சில சமயம் ஊர்களின் பெயர்கள். சொங்குவான்ஜாங் என்பது சிவப்பு ஜின்செங் விற்கும் பிராண்டு. கிக்ஸ் ஒரு எண்ணெய் நிறுவனத்தின் பிராண்டு. உல்சான் நகரத்தின் பெயரோடு ஆடும் கொரியா சிங்க், பெயரிலேயே தெரிவது போல, துத்தநாக நிறுவனம். யொங்னாம் இல்போ ஒரு நாளிதழ். 2014, 2015, 2016 என்று தொடர்ந்து மூன்று முறை கோப்பையை வென்ற டிபிராட் அப்போது ஒரு கேபிள் தொலைக்காட்சி நிறுவனமாக இருந்தது. 2006 முதல் லீகுக்கே ஆதரவு தருவது கேபி கூக்மின் வங்கி என்பதால் அதை ‘கேபி லீக்’ என்றும் சொல்வார்கள்.

இந்தப் பெயர்களில் எனக்கு மிகவும் பிடித்தது சினான் உப்பு அணி. கொரியாவின் தென்மேற்கு மூலையில், சிறு சிறு தீவுகளாகச் சிதறிக் கிடக்கும் வட்டாரம் சினான். வெயிலில் காய வைத்தெடுக்கும் கடலுப்புக்குப் பேர்போனது. அந்த உப்பின் பெயரில் ஒரு கோ அணி. அதே சினானைச் சேர்ந்த பிகும்தோ தீவில் பிறந்தவர்தான் லீ செடோல், 2016 மார்ச்சில் சியோலில் ஆல்ஃபாகோ என்ற கணினி நிரலோடு ஐந்து ஆட்டம் ஆடி 4-1 என்று தோற்றவர். அந்த ஒரே ஒரு வெற்றிக்காகவே உலகம் அவரை நினைவில் வைத்திருக்கிறது.

லீகோடு அவருக்கு இருந்த உறவு லேசானதல்ல. 2009-இல் அவர் கொரிய லீகில் ஆட மாட்டேன் என்று மறுத்தார். சக ஆட்டக்காரர்களின் சங்கம் அவர்மேல் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று வாக்களித்தது. அவரோ ஒன்றரை வருடம் விடுப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். அப்போது அவர் கொரியாவின் உச்சத்தில் இருந்த ஆட்டக்காரர். விடுப்பு முடிவதற்கு வெகு முன்பே, 2010 ஜனவரியில் திரும்பி வந்தார். அந்த வருடம் சொந்த மண்ணின் உப்பு அணிக்கு ஆடினார், அணி கோப்பையை வென்றது. தனியாளாகவே ஆடிப் பழகிய ஒருவரை அணி அட்டவணைக்குள் கட்டிப்போடுவது எவ்வளவு சிக்கலான காரியம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஆள் சேர்ப்பது எப்படி

பருவம் தொடங்கும் முன் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நாள் ஒன்று உண்டு. ஐபிஎல் ஏலம் மாதிரி பணத்தைக் கூட்டிக்கொண்டே போவதில்லை. யார் முதலில் தேர்வு செய்வது என்று சீட்டுக் குலுக்குகிறார்கள். முதல் சுற்றில் ஒவ்வொரு அணியும் ஒருவரை எடுக்கும். அவர்தான் அந்த அணியின் தலைவர். அடுத்த சுற்றில் வரிசை தலைகீழாகிவிடும். முதல் சுற்றில் கடைசியாக எடுத்தவர் இரண்டாம் சுற்றில் முதலில் எடுப்பார். பாம்பு வளைந்து போவது போலப் போய்த் திரும்பும். முந்தைய பருவத்தின் ஆட்களைத் தக்கவைத்துக்கொள்ளவும் விதி உண்டு. பயிற்சியாளராக இருப்பவரும் தொழில்முறை ஆட்டக்காரர்தான். தன்னோடு பலகையில் மோதியவர்களையே அவர் தேர்ந்தெடுக்கிறார்.

இந்தக் குலுக்கலுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? ஷின் ஜின்சோ என்ற ஒரே ஒரு பெயரைச் சொன்னால் போதும். 2000-இல் பூசானில் பிறந்தவர். பல வருடங்களாக உலகின் முதலிடத்தில் இருக்கிறார். அவர் இருக்கும் அணி ஒவ்வொரு மோதலையும் கிட்டத்தட்ட 1-0 என்ற நிலையில் ஆரம்பிக்கிறது என்று சொல்லலாம். ஆனால் அவர் இருந்தால் கோப்பை நிச்சயமா என்றால், இல்லை. 2022-23 பருவத்தில் அவர் ஆடிய கிக்ஸ் வென்றது. அடுத்த பருவத்தில் கோப்பை உல்சான் கொரியா சிங்க் அணிக்குப் போனது.

அணி என்பதால் மட்டுமே நடக்கும் அழகான சில சேர்க்கைகளும் உண்டு. 2017-இல் வென்ற சொங்குவான்ஜாங் அணியில் அப்போது பதினேழு வயதுப் பையனாக இருந்த ஷின் ஜின்சோவோடு லீ சாங்ஹோவும் இருந்தார். லீ சாங்ஹோ 1975-இல் பிறந்தவர், 1990-களில் உலகையே ஆண்டவர். தனிநபர் போட்டி என்றால் இவர்கள் இருவரும் எதிரெதிரேதான் உட்கார முடியும். லீகில் ஒரே பக்கம் உட்கார்ந்தார்கள்.

2023-24 பருவத்திலிருந்து அணிக்கு ஒரு வெளிநாட்டு ஆட்டக்காரரைச் சேர்த்துக்கொள்ள வழி பிறந்தது. கொரியர்கள் இவர்களைச் சொல்லும் சொல்லுக்குக் ‘கூலிப்படை வீரர்’ என்று பொருள். கூடைப்பந்திலும் பேஸ்பாலிலும் வழங்கும் அதே சொல். அதற்கு முந்தைய பருவத்தில் இன்னும் ஒரு படி மேலே போய் ஜப்பானிலிருந்தும் தைவானிலிருந்தும் முழு அணிகளையே அழைத்து, மொத்தம் 12 அணிகளாக நடத்தினார்கள். 12 அணிகளை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒன்றுக்கு ‘நன்கா’ என்றும் மற்றொன்றுக்கு ‘சுதாம்’ என்றும் பெயர் வைத்தார்கள். இரண்டுமே கோ ஆட்டத்துக்கு வழங்கிய பழைய பெயர்கள். சுதாம் என்றால் கைப்பேச்சு: வாய் திறக்காமல் கையாலேயே பேசிக்கொள்வது. நன்கா என்றால் உளுத்துப்போன கோடரிக் காம்பு. காட்டில் விறகு வெட்டப் போனவன் இரண்டு சித்தர்கள் காய் வைத்து ஆடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றானாம். ஆட்டம் முடிந்து திரும்பிப் பார்த்தால் கையிலிருந்த கோடரியின் காம்பு உளுத்து உதிர்ந்து போயிருந்ததாம். இந்தச் சீனக் கதையை ஒட்டி, பொழுது போவதே தெரியாமல் லயித்துக் கிடப்பவரைப் பற்றிக் கொரியாவில் ஒரு பழமொழியே உண்டு.

வரிசைச் சீட்டு

இனி விஷயத்தின் மையத்துக்கு வருவோம். எல்லாப் பருவத்துக்கும் ஒரே விதி கிடையாது. லீகை நடத்துபவர்கள் அடிக்கடி மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். ஆனாலும் அடிப்படை வடிவம் இதுதான்: இரண்டு அணிகள் மோதினால் ஐந்து பலகை, அணிக்கு ஐந்து பேர், மூன்று வெற்றி எடுத்த அணி ஜெயிக்கும். எந்தப் பலகையில் யார் என்ற வரிசையைப் பயிற்சியாளர் எழுதிக் கொடுக்க வேண்டும். எதிரணி என்ன எழுதியது என்று தெரியாமலேயே எழுத வேண்டும். ஆங்கிலச் சொல்லையே எடுத்துக்கொண்டு இதைக் கொரியர்கள் ‘ஓடர்’ என்கிறார்கள்.

ஐந்து பேரை ஐந்து பலகையில் 120 விதமாக உட்கார வைக்கலாம். இதில் எதைத் தேர்ந்தெடுப்பது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சிவப்பு அணியில் யாரும் வெல்ல முடியாத ஒரு தலைவர் இருக்கிறார், மற்ற நால்வரும் சுமார். நீல அணியில் ஐந்து பேரும் நல்லவர்கள், ஆனால் அந்தத் தலைவரை வெல்லும் அளவுக்கு யாருமில்லை. நீல அணியின் பயிற்சியாளர் தன் தலைவரைச் சிவப்புத் தலைவருக்கு எதிரே உட்கார வைத்தால் தன்னிடம் இருக்கும் சிறந்த ஆளை வீணாக்கிவிடுகிறார். அங்கே தன் ஐந்தாவது ஆளை வைத்துவிட்டு, முதல் ஆளைச் சிவப்பின் இரண்டாம் ஆளுக்கும், இரண்டாம் ஆளை மூன்றாம் ஆளுக்கும் எதிரே வைத்தால் ஒரு பலகை போகும். மற்ற நாலிலும் கை ஓங்கும்.

சீனாவில் ஒரு பழங்கதை உண்டு. தியான் ஜி என்ற தளபதி அரசனோடு குதிரைப் பந்தயம் வைத்துத் தோற்றுக்கொண்டே இருந்தான். சுன் பின் என்ற போர்த்தந்திரி யோசனை சொன்னான்: உன் மட்டக் குதிரையை அரசனின் முதல்தரக் குதிரையோடு ஓட விடு, உன் முதல்தரத்தை அவனுடைய நடுத்தரத்தோடு ஓட விடு, உன் நடுத்தரத்தை அவனுடைய மட்டத்தோடு ஓட விடு. ஒன்றில் தோல்வி, இரண்டில் வெற்றி. லீக் பயிற்சியாளர்கள் செய்வது இதைத்தான்.

ஆனால் சுன் பின்னுக்கு அரசனின் குதிரை எந்த ஓட்டத்தில் வரும் என்று தெரியும். லீக் பயிற்சியாளருக்குத் தெரியாது. எதிரணியின் தலைவர் இரண்டாம் பலகையில் வருவார் என்று ஊகித்து அங்கே பலியாடாக ஒருவரை வைத்தால், அவர் நாலாம் பலகையில் வந்து உட்கார்ந்து இவருடைய நல்ல ஆளை விழுங்கிவிடுவார். இவர் ஊகிப்பார் என்று அவரும் ஊகிப்பார். அதனால்தான் வரிசை வெளியானதும், ஒரு காய்கூட வைப்பதற்கு முன்பே, ரசிகர்கள் யாருக்கு எந்த வரிசை சாதகம் என்று சண்டை போட ஆரம்பித்துவிடுகிறார்கள். பதுக் தெரியாத ஒருவர் உடனே கலந்துகொள்ளக்கூடிய இடம் இதுதான் என்பது என் எண்ணம்.

இந்தச் சண்டையில் தரவரிசை எண்களை மட்டும் வைத்துப் பேச முடியாது. கோ ஆட்டத்தில் சிலருக்குச் சிலரிடம் ஜாதகமே ஒத்துப்போகாது. ஊரில் எல்லோரையும் வெல்பவர் ஒரு குறிப்பிட்ட ஆளிடம் மட்டும் திரும்பத் திரும்பத் தோற்பார். பாம்புக்குக் கீரி மாதிரி. கொரியர்கள் இதற்கு வைத்திருக்கும் சொல்லும் அப்படித்தான். இயற்கையிலேயே அமைந்த பகைவன் என்று பொருள். பத்தாம் இடத்தில் இருப்பவரை நாற்பதாம் இடத்தில் இருக்கும் ஒருவருக்கு எதிரே போடுவது நல்ல யோசனை போலத் தோன்றும், பழைய ஆட்டங்களைப் புரட்டிப் பார்க்கும் வரை.

இரண்டு இரண்டாக நின்றால்

2022-23 பருவத்தில் அருமையான ஒரு விதியை வைத்தார்கள். நாலு பலகை மட்டும். 4-0 அல்லது 3-1 என்று முடிந்தால் வென்ற அணிக்கு 3 புள்ளி, தோற்ற அணிக்கு ஒன்றுமில்லை. 2-2 என்று நின்றால் ஒவ்வொரு அணியும் ஒருவரைத் தேர்ந்தெடுத்து ஐந்தாவது ஆட்டத்துக்கு அனுப்பும். அதில் வென்ற அணிக்கு 2 புள்ளி, தோற்ற அணிக்கும் 1 புள்ளி.

அந்த ஐந்தாவது ஆட்டத்துக்கு யாரை வேண்டுமானாலும் அனுப்பலாம். அன்று ஏற்கெனவே ஆடியவரையும் அனுப்பலாம். இதனால் பயிற்சியாளரின் கணக்கே மாறிவிடுகிறது. பலமான ஒரே ஒரு தலைவர் இருந்தால் போதும்: அவர் ஒன்றில் ஜெயிக்க வேண்டும், மற்ற மூவரில் யாராவது ஒருவர் எப்படியாவது ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட வேண்டும், அப்புறம் தலைவரே மறுபடி வந்து முடித்துவிடுவார். ஒரே மாலையில் ஒருவர் இரண்டு முறை பலகைக்கு வருவதைத் தனிநபர் போட்டிகளில் பார்ப்பது கடினம்.

தோற்ற அணிக்கும் ஒரு புள்ளி என்பதை முதலில் நான் சலுகை என்று நினைத்தேன். பட்டியலைப் பார்த்தபோதுதான் அதன் கனம் தெரிந்தது. 1-2 என்று பின்தங்கியிருக்கும் அணியின் நாலாவது ஆட்டக்காரர், ஜெயித்தால் அணிக்குக் குறைந்தது ஒரு புள்ளியை உறுதி செய்கிறார். பருவத்தின் முடிவில் இப்படி ஒன்று ஒன்றாகச் சேர்ந்த புள்ளிதான் ஒரு அணியை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோகும். இந்த விதியில்லாத பருவங்களில் அணி வெற்றிகளை எண்ணுகிறார்கள். அது சமமானால் ஆட்டக்காரர்களின் தனி வெற்றிகளை எண்ணுகிறார்கள். அங்கேயும் அதே கதைதான். அணி ஏற்கெனவே தோற்றுவிட்ட பிறகு கடைசிப் பலகையில் தனியாகப் போராடிக்கொண்டிருப்பவரின் ஒரு வெற்றி, சில மாதம் கழித்துக் கணக்கில் வந்து நிற்கும்.

கடிகாரம்

நேரத்தைப் பற்றிச் சுருக்கமாக. பழைய முறைப்படி ஒவ்வொருவருக்கும் ஒரு அடிப்படை நேரம் உண்டு. அது தீர்ந்ததும் ஒவ்வொரு காய்க்கும் இத்தனை வினாடி என்று எண்ண ஆரம்பிப்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் வாய்விட்டே எண்ணுவார்: ஒன்று, இரண்டு, மூன்று... பத்து முடிவதற்குள் காய் பலகையில் இருக்க வேண்டும். அண்மைப் பருவங்களில் செஸ் பார்ப்பவர்களுக்குப் பழக்கமான முறை வந்திருக்கிறது: காய் வைத்ததும் கடிகாரத்தில் சில வினாடி கூடும். வேகமாக ஆடினால் நேரத்தைச் சேர்த்து வைத்துக்கொள்ளலாம்.

பல பருவங்களில் ஐந்து பலகையில் ஒன்றோ இரண்டோ நீண்ட யோசனைக்கானவை, மற்றவை விரைவு ஆட்டங்கள். இதுவும் வரிசைச் சீட்டில் புகுந்துவிடும். ஆற அமர யோசித்து ஆடும் மூத்தவரை நீண்ட பலகையில் போடலாம். கை துறுதுறுவென்றிருக்கும் இளையவரை விரைவுப் பலகையில் போடலாம். ஆனால் இதையே எதிரணியும் எதிர்பார்க்கும் அல்லவா?

பக்கத்து அறை

ஆட்டங்கள் நடப்பது சியோலில், ஹோங்கிக்-தோங் பகுதியில் இருக்கும் கொரிய பதுக் சங்கத்தின் கட்டடத்தில். பதுக் டிவி என்று கோ ஆட்டத்துக்கென்றே 1995-இல் தொடங்கிய தொலைக்காட்சி இதை ஒளிபரப்புகிறது. ஒரு ஆட்டத்துக்கென்று தனி அலைவரிசை நடத்த முடிகிற நாடு அது. 1989-இல் கொரிய ஆட்டக்காரர் சோ ஹுன்ஹியுன் இங் கோப்பை என்ற உலகப் போட்டியின் முதலாவது கோப்பையை வென்று திரும்பியபோது சியோல் வீதிகளில் ஊர்வலமாக அழைத்துப் போனார்கள். அப்போது பிடித்த ஆர்வத்தின் விளைவுதான் இந்தத் தொலைக்காட்சியும், இந்த லீகும்.

அணியின் மற்றவர்கள் உட்கார்ந்திருப்பது பக்கத்து அறையில். நடுவில் ஒரு பலகை. உள்ளே நடப்பதைத் திரையில் பார்த்துப் பார்த்து இங்கே காய்களை அடுக்கி, ‘இங்கே வைத்திருந்தால்?’, ‘அங்கே வெட்டினால்?’ என்று சோதித்துக்கொண்டே இருப்பார்கள். ஆல்ஃபாகோவுக்குப் பிறகு கணினியும் சேர்ந்துகொண்டது. யாருக்கு எத்தனை சதவீதம் வெற்றி வாய்ப்பு என்று ஒவ்வொரு காய்க்கும் எண் மாறுகிறது. திரையில் அது எல்லோருக்கும் தெரியும், ஆடுகிற இருவரைத் தவிர.

புதிதாகப் பார்ப்பவர்களுக்கு இந்த எண் பெரிய துணை, ஆனால் அதை அப்படியே நம்பிவிட வேண்டாம். கணினி 95 சதவீதம் என்று காட்டும். அந்த 95-ஐக் காப்பாற்ற வேண்டுமென்றால் அடுத்த பத்துக் காய்களையும் கணினி நினைக்கும் இடத்தில் மனிதன் வைக்க வேண்டும், அதுவும் பத்துப் பதினைந்து வினாடிக்குள். எண் சடாரென்று 95-லிருந்து 20-க்கு விழும்போது கேமரா பக்கத்து அறையைக் காட்டினால் பாருங்கள். யாரும் பேச மாட்டார்கள். ஒருவர் காயைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பார். சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குச் சொல்ல வழியில்லை. அவர் தான் முன்னணியில் இருப்பதாக நினைத்தே அடுத்த காயை எடுத்துக்கொண்டிருப்பார்.

பருவம் எப்படி முடிகிறது

எட்டு அணி இருக்கும் பருவத்தில் ஒவ்வொரு அணியும் மற்ற ஏழு அணிகளோடு இரண்டு முறை மோதும். அணிக்கு 14 மோதல், லீகுக்கு மொத்தம் 56. மாதக்கணக்கில் வாராவாரம் நடக்கும். நடுவில் சர்வதேசப் போட்டிகள் வரும், யாராவது ராணுவச் சேவைக்குப் போவார், யாராவது காரணமே தெரியாமல் தொடர்ந்து தோற்பார். முதன்மை அணிக்குப் பின்னால் இளையவர்களுக்கென்று ‘ஃப்யூச்சர்ஸ் லீக்’ என்ற துணை லீகும் சில பருவங்களில் நடந்திருக்கிறது.

அப்புறம் முதல் நாலு இடத்துக்கு ஏணிப்படி முறை. மூன்றாம் இடமும் நாலாம் இடமும் மோதும். வென்றவர் இரண்டாம் இடத்தோடு. அதில் வென்றவர் முதலிடத்தோடு இறுதிச் சுற்றில். முதலிடம் பிடித்த அணி உட்கார்ந்து காத்திருக்கும். அது அனுகூலம்தான், ஆனால் படிப்படியாக ஏறி வரும் அணி ஆடி ஆடிச் சூடேறி வரும். இறுதிச் சுற்று மூன்று மோதல்கள், இரண்டில் வென்றால் கோப்பை. 2023-24 பருவத்தில் வெற்றி பெற்ற அணிக்குப் பரிசு 25 கோடி வொன், இரண்டாம் இடத்துக்கு 10 கோடி வொன்.

பெண்களுக்குத் தனி லீக் 2015-இல் தொடங்கியது. அதில் அணிகளின் பெயர்கள் பெரும்பாலும் ஊர்களுடையவை, ஊரின் பெருமைகளையும் ஒட்டிக்கொண்டு வருபவை. சேற்றுத் திருவிழாவுக்குப் புகழ்பெற்ற போர்யோங் நகரின் அணி ‘போர்யோங் மட்’. 2022-இல் ஆண்களும் ஆடும் உலகப் போட்டியான சாம்சங் கோப்பையின் இறுதி ஆட்டம் வரை போன சோய் ஜங் அதற்குத்தான் பல பருவம் ஆடினார். யொசு நகரத்து அணிக்குப் பழைய போர்க்கப்பலான ஆமைக் கப்பலின் பெயர். அங்கே மோதலுக்கு மூன்று பலகைதான், எனவே ஒரு தவறான வரிசைக்கே பெரிய விலை கொடுக்க வேண்டியிருக்கும். மூத்தவர்களுக்கும் தனி லீக் இருக்கிறது.

அணிப் போட்டிக்கு இன்னொரு வடிவமும் உண்டு, அதையும் தெரிந்துகொண்டால் லீகின் தனித்தன்மை பிடிபடும். ராமியோன் நூடுல்ஸ் நிறுவனமான நோங்ஷிம் நடத்தும் கோப்பையில் கொரியா, சீனா, ஜப்பான் மூன்றும் ஐந்தைந்து பேரை அனுப்பும். ஜெயித்தவர் தொடர்ந்து ஆடுவார், தோற்றவர் வீட்டுக்குப் போவார். கடைசியில் எந்த நாட்டில் ஆள் மிஞ்சுகிறதோ அதற்குக் கோப்பை. 2024 பிப்ரவரியில் முடிந்த போட்டியில் கொரியாவின் நாலு பேரும் ஒரு வெற்றிகூட இல்லாமல் போய்விட்டார்கள், மிஞ்சியது ஷின் ஜின்சோ ஒருவர். அவர் தனியாக ஆறு ஆட்டங்களைத் தொடர்ந்து வென்றார். அதில் சீனாவின் ஐந்து பேரும் அடக்கம். கோப்பை கொரியாவுக்கு.

மலைக்க வைக்கும் சாதனைதான், எத்தனை முறை நினைத்தாலும் சிலிர்க்கிறது. ஆனால் லீகில் இது நடக்காது, நடக்கவும் முடியாது. அங்கே ஷின் ஜின்சோவுக்கு ஒரு பலகைதான். மிஞ்சிப்போனால் இரண்டு. மற்ற வெற்றிகளை எங்கோ நாற்பதாவது ஐம்பதாவது இடத்தில் இருக்கும், வெளியுலகம் பெயர்கூடக் கேட்டிராத ஒருவர் எடுத்துத் தர வேண்டும். அப்படி ஒருவர் 2-2 என்ற நிலையில் கடைசிப் பலகையில் உட்கார்ந்திருக்கும் மாலைகளுக்காகத்தான் நான் இந்த லீகைப் பார்க்கிறேன்.

நீங்கள் பார்க்க உட்காரும்போது, ஆட்டம் முடிந்ததும் உடனே எழுந்துவிடாதீர்கள். இருவரும் தலை தாழ்த்தி வணங்கிக்கொண்ட பிறகு பலகையைக் கலைத்துவிட்டு அதே ஆட்டத்தை முதலிலிருந்து மறுபடி அடுக்க ஆரம்பிப்பார்கள். இருநூறு காய்களும் எந்த வரிசையில் விழுந்தன என்பது இருவருக்கும் மனப்பாடம். இதற்குப் ‘பொக்கி’ என்று பெயர். தோற்றவர் ஒரு இடத்தில் நிறுத்தி, இங்கேதானா என்று கேட்பது போல விரலை வைப்பார். வென்றவர் ஒரு காயை எடுத்து வேறிடத்தில் வைத்துக் காட்டுவார். அதற்குள் கதவு திறந்து பக்கத்து அறையிலிருந்தவர்கள் வந்து பலகையைச் சுற்றி நிற்பார்கள். இத்தனை நேரம் சுவருக்கு அந்தப் பக்கம் சொல்ல முடியாமல் வைத்திருந்ததை ஒருவர் குனிந்து, காயாலேயே சொல்வார்.